பேர் வச்சா என்ன லாபம்னு கேட்டியே

கண்ணா,

அன்னைக்கு போன்ல "பாலைவனப் புல்லு வேருல இருக்கற பூஞ்சைக்கு பேர் வச்சு யாருக்கும்மா என்ன லாபம்"னு கேட்டுட்டு மீட்டிங்னு ஓடிட்டே, எனக்கு அது மனசுலயே நிக்குது, அதான் எழுதறேன்.

அந்தப் புல்லை வெளிய பார்த்தா காஞ்சு செத்த மாதிரிதான் இருக்கும்டா. ஆனா வேரை சாயம் ஏத்தி மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாரு, செல்லுக்கு நடுவுல கருப்பா, குறுக்குச்சுவர் போட்ட இழை ஓடிட்டே இருக்கும், அந்தக் கருப்பு மெலனின்ங்கற நிறப்பொருள், அவ்ளோ பூஞ்சை உள்ள இருந்தும் வேருக்கு ஒரு நோயும் இருக்காது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரல.

அதை வெளிய எடுக்கறதுதான் கஷ்டம். வேரை ஆல்கஹால்லயும் ப்ளீச்லயும் முக்கி மேல ஒட்டினதைக் கொல்லணும், கொஞ்சம் கூடிப்போனா உள்ள இருக்கறதும் செத்துடும். அப்புறம் துண்டு போட்டு அகார் தட்டுல, அதாவது பூஞ்சை வளர்க்கற ஜெல்லி தட்டுல வச்சா வேகமா வளர்ற சாதாரண பூஞ்சை முந்திக்கிட்டு தட்டையே மூடிடும், நமக்கு வேண்டிய கருப்பு மெதுவாதான் எட்டிப் பார்க்கும். அதுல நிறைய வகை, தட்டுல ஸ்போரே, அதான் பூஞ்சைக்கு விதை மாதிரி இருக்கற தூள், விடாது, அப்போ உருவத்தை வச்சு எப்படி அடையாளம் சொல்ல? அதனாலதான் டிஎன்ஏல ஐடிஎஸ்ங்கற பகுதியைப் படிக்கறோம், 2012ல அதைத்தான் பூஞ்சை இனத்தை அடையாளம் காண பொது பார்கோடா முன்வச்சாங்க. அது ஏற்கெனவே தெரிஞ்ச எதோடயும் பொருந்தலன்னா உடனே புதுசுன்னு சொல்லிட முடியாது, வேற ஜீனும் பார்க்கணும், காய வச்ச சாம்பிள் ஒண்ணை பாதுகாத்து வைக்கணும், புதுப் பேருக்கு பதிவு நம்பர் வாங்கணும்.

இப்போ உன் கேள்விக்கு வரேன். ஹங்கேரி மணல்வெளியில எடுத்த பூஞ்சைகளை ஆராய்ஞ்சு 2015ல டார்க்சைடியான்னு புது பேரினமும் அதுல ஆறு இனமும் அறிவிச்சாங்க. அதே கூட்டம் அமெரிக்காவுல நியூ மெக்சிகோவுல ப்ளூ கிராமாங்கற புல்லு வேருலயும் இருக்கு, நடுவுல ஒரு கடலே கிடக்கு! பேர் வர்ற வரைக்கும் அதெல்லாம் ஆளாளுக்கு ஃப்ரீசர்ல வச்சிருந்த வெறும் நம்பர்தான். இந்தக் கருப்புப் பூஞ்சை சில சோதனையில செடியை நல்லா வளர விடுது, சிலதுல ஒரு மாற்றமும் இல்ல, சிலதுல வளர்ச்சியே குறையுது. எந்த இனம் எதைப் பண்ணுச்சுன்னு பிரிச்சுப் பார்க்காம வறட்சிக்கு உதவுமான்னு எப்படிடா சொல்ல முடியும்? நீ கேக்கற லாபம் அதுக்கு அப்புறம்தான் வரும்.

உலகத்துல 22 லட்சத்துல இருந்து 38 லட்சம் பூஞ்சை இனம் இருக்கலாம்னு 2017ல கணக்கு போட்டாங்க, பேர் வச்சது அதுல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிச்சிருக்கு கண்ணா. வேற எது கேக்கணும்னாலும் கேளு, அடுத்த தடவை போனை மட்டும் அவசரமா வைக்காத.

அம்மா