புதன் பின்னேரத்தை விட்டுவிடுங்கள்

இந்த ஆண்டு சிக்ஸ்த் ஃபோமில் (ஏ லெவல் படிக்கும் கடைசி இரண்டு வருடம்) சேர்ந்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு, முக்கியமாக லண்டன் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம்.

போன கிழமை என் தங்கை வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மகனின் இயர் 12 நேரசூசி, அதாவது சிக்ஸ்த் ஃபோமின் முதல் வருடத்தது. கிழமைக்கு 25 பெட்டிகள். கெமிஸ்ட்ரி ஐந்து, பயோலொஜி ஐந்து, மட்ஸ் ஐந்து. மிச்சம் பத்தும் வெள்ளை. புதன் பின்னேரத்து இரண்டு பெட்டிகளில் மட்டும் சின்ன எழுத்தில் ‘என்ரிச்மென்ட்’ என்று, அதாவது பாடத்துக்கு வெளியே செய்கிற வேலைகள் என்று, இருந்தது. படத்துக்குக் கீழே கேள்வி: “அக்கா, இவன் புதன் பின்னேரம் சும்மாதான் இருக்கப்போறான். நல்ல கெமிஸ்ட்ரி சேர் ஆரையும் தெரியுமோ?”

தெரியும். போன் நம்பரும் இருக்கிறது. ஆனால் இன்னும் அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்பதை அவளுக்கு மட்டும் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் ரூட்டிங்கிலும் இந்த மாதம் இதே கேள்வி எழாத தமிழ் வீடு குறைவு.

முதலில் என் கதை. மூத்தவன் இயர் 12 தொடங்கியபோது நானும் இதைத்தான் செய்தேன். புதன் பின்னேரம் ரியூசன், சனி காலை ரியூசன், ஞாயிறு பழைய கேள்வித்தாள். அவனுடைய பள்ளிக்கூடம் புதன்கிழமைகளில் சிலரைப் பக்கத்து முதியோர் இல்லத்துக்கு அனுப்பும். இரண்டு தடவை போனான். மூன்றாம் தடவைக்கு முன் நானே பள்ளிக்கு எழுதி நிறுத்திவிட்டேன். “கிழவர்களோடு டொமினோ விளையாடவோ ஏ லெவல் எடுக்கிறாய்?” என்று கேட்டதும் ஞாபகம் இருக்கிறது. மருத்துவத்துக்கு நான்கு இடங்களுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். நான்கும் போட்டான். இரண்டு இடத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டிலும் இல்லை என்று வந்தது. ஓகஸ்ட்டில் ஒரு ஏ ஸ்டாரும் இரண்டு ஏயும் எடுத்தான், போக இடம் இல்லாமல்.

ஒரு நேர்முகத்தில் கேட்டார்களாம்: பழகக் கஷ்டமான ஒருவரோடு நீ எப்படி நடந்துகொண்டாய், சொல்லு. அவனுக்குச் சொல்ல ஆளே இல்லை. அவன் பழகியதெல்லாம் எங்களோடும் கேள்வித்தாள்களோடும்தான். “அம்மா, உங்களைச் சொல்லலாமோ எண்டு ஒருக்கா யோசிச்சனான்” என்றான் பிறகு. சொல்லிவிட்டு அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த ஒரு வருடம் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை செய்தான். அங்கே மறதி நோய் வந்த ஒரு தாத்தா, இவனைக் காணும்போதெல்லாம் திருடன் என்று கத்துவாராம். அவருக்கு ஷேவ் எடுக்கவேண்டியது இவன் பொறுப்பு. முதல் கிழமை முழுக்கத் தோல்வி. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தான்: கதவடியிலேயே நின்று பெயரைச் சொல்வது, சவர்க்காரப் பிரஷை அவர் கையிலேயே கொடுத்துவிடுவது, அவர் தன் கன்னத்தில் தானே பூசத் தொடங்கும்வரை பேசாமல் நிற்பது. சில நாள் இருபது நிமிடம் நிற்பானாம். அடுத்த முறை விண்ணப்பித்தபோது இடம் கிடைத்தது. அந்த வருடம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதில் கொஞ்சத்தையாவது பள்ளிக்கூடம் புதன் பின்னேரங்களில் சும்மா கொடுக்க வந்தது. மறித்தது நான்.

எங்களை முழுக்கக் குறை சொல்லவும் எனக்கு மனம் இல்லை. 1970களில் இலங்கையில் தரப்படுத்தல் வந்து, தமிழ்ப் பிள்ளைகள் கம்பஸ் போகக் கூடுதல் புள்ளி எடுக்கவேண்டும் என்றானபோது வாசல் சாத்தப்பட்ட பிள்ளைகள் எங்கள் மாமாமாரும் பெரியப்பாமாரும். ஊரில் ஏ லெவல் என்றால் மூன்று பாடம், ஒரு சோதனை, ஒரு வாசல். விடிய ஐந்து மணிக்குச் சைக்கிளில் ரியூசன் கொட்டிலுக்குப் போய், அங்கே படித்து, பள்ளிக்கூடத்தில் இடாப்புக்கு முகத்தைக் காட்டியவர்கள் நாங்கள். பள்ளிக்கூடம் வேறு, படிப்பு வேறு என்பது எங்களுக்குள் ஊறிப்போன எண்ணம். அதையே ஹீத்ரோவில் இறக்கி, இங்கே பிள்ளைகளின் நேரசூசியில் ஒட்டிவிட்டோம்.

இங்கே அந்த ‘என்ரிச்மென்ட்’ பெட்டிகளுக்கும் அரசாங்கம் காசு கொடுக்கிறது. இங்கிலாந்தில் 16, 17 வயது மாணவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 580 மணித்தியாலம் திட்டமிட்டால்தான் பள்ளிக்கு முழுநேர மாணவருக்கான தொகை வரும். 2022 வரை அது 540 ஆக இருந்தது. பாட வகுப்போடு ரியூட்டர் நேரம், வேலை அனுபவம், தொழில் வழிகாட்டல், என்ரிச்மென்ட் எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான் வருகின்றன.

அந்தக் காசும் தாராளமாக வந்ததில்லை. ஒரு மாணவருக்கு 4,000 பவுண் என்று 2013இல் வைத்த அடிப்படைத் தொகையை ஏழு வருடம் அசைக்காமல் வைத்திருந்தார்கள். 2020இல்தான் 4,188 ஆனது. இடையில் விலைவாசி ஏற, பல பள்ளிகள் கைவைத்தது இப்படிப்பட்ட நேரங்களில்தான். கட்டணப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம், விவாதம், படகோட்டம் என்று பின்னேரங்கள் நிறைந்து வழிகின்றன. எங்கள் பிள்ளைகளுக்கு மிஞ்சியிருப்பது ஒரு புதன். அதையும் நாங்களே பிடுங்கினால் எப்படி?

ரியூட்டர் என்ற சொல்லிலேயே எங்களுக்குக் குழப்பம். எங்களுக்கு ரியூட்டர் என்றால் காசு வாங்கிப் படிப்பிக்கிறவர். சிக்ஸ்த் ஃபோம் ரியூட்டர் காலையில் இருபது நிமிடம் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறவர். இது எனக்கு மகள் இயர் 12இல் இருந்தபோதுதான் விளங்கியது. அந்த மாசியில் யாழ்ப்பாணத்தில் என் அம்மா காலமானார். டிக்கெட் சரிவராமல் செத்தவீட்டை போனில்தான் பார்த்தோம். நான் மூன்று கிழமை அழுதுகொண்டு திரிந்தேன். மகள் தேத்தண்ணீர் போட்டுத் தந்தாள், சோறு வடித்தாள், ஒன்றும் பேசவில்லை. கெட்டிக்காரி, தாங்கிக்கொண்டாள் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் பள்ளியிலிருந்து ரியூட்டர் அழைத்தார். மகள் மதியம் சாப்பிடுவதில்லை, கொமன் ரூமிலும் தனியே இருக்கிறாள், அம்மம்மாவைப் பற்றித் தன்னிடம் கதைத்தாள், உங்களுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று உங்களிடம் சொல்லவில்லையாம் என்றார். ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியவில்லை. பள்ளி ஆலோசகரிடம் ஆறு தடவை போனாள். அந்தத் தவணை பிஸிக்ஸில் புள்ளி விழுந்தது, பிறகு ஏறியது. அதைப் பெரிதாக எடுக்காதது நான் மூத்தவனிடம் படித்த பாடம்.

மகள்தான் ஈபிகியூ என்ற தனி ஆய்வுத் திட்டத்தையும் செய்தாள். பிள்ளை தானே ஒரு கேள்வியைத் தெரிவுசெய்து, தானே தேடி, 5,000 சொல் அளவில் எழுதி, அல்லது ஒரு பொருளைச் செய்து அதோடு சின்ன அறிக்கை வைத்து, கடைசியில் ஆட்களின் முன் நின்று விளக்கவேண்டும். அரை ஏ லெவல் பெறுமதி. ஏறத்தாழ 120 மணித்தியால வேலை. அவள் எட்டு வயதிலிருந்து ஞாயிறு வகுப்பில் மிருதங்கம் பழகியவள். கேள்வி அதிலிருந்துதான் வந்தது: வலந்தலையின், அதாவது வலப்பக்கத் தோலின், நடுவில் ‘சோறு’ என்று சொல்கிற அந்தக் கறுப்புப் பசை வட்டம் எதற்கு?

நானும் எத்தனை வருடம் அந்த வாத்தியத்தைக் காரில் ஏற்றி இறக்கினேன், ஒருநாளும் கேட்டதில்லை. சர் சி. வி. இராமன் கேட்டிருக்கிறார். சாதாரணத் தோல் வாத்தியங்களில் அடிச்சுரத்தோடு கூடவே ஒலிக்கும் மேற்சுரங்கள் அதோடு ஒழுங்காகப் பொருந்தாது. மிருதங்கத்தில் அந்தச் சோற்றின் பாரம்தான் அவற்றை இழுத்து வரிசைப்படுத்தி, ஒரு தந்தி வாத்தியத்துக்குக் கிட்டவாகக் கொண்டுவருகிறது. 1920இல் ‘நேச்சர்’ இதழில் அவரும் சிவகாளி குமாரும் இதை எழுதினார்கள். மகள் அதை வாசித்துவிட்டுப் பள்ளியின் இசை அறையில் ‘நம்’ அடித்துப் போனில் பதிவுசெய்து, கணினியில் அதிர்வெண்களைப் பிரித்துப் பார்த்தாள். முதல் ஒன்பது பதிவும் குப்பை, ஹீற்றரின் இரைச்சல் உள்ளே வந்துவிட்டது. ஹீற்றர் போடமுன் காலை ஏழு மணிக்கே போய் மறுபடி எடுத்தாள். சோறு உதிர்ந்துபோன ஒரு பழைய மிருதங்கத்தையும் பள்ளி பாண்ட் ட்ரம்மையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். இடப்பக்கத் தொப்பிக்கு ரவை பிசைந்து அப்பப் போய், கொமன் ரூம் சிங்க் அடைத்து, அதற்கு மன்னிப்புக் கடிதமும் எழுதினாள்.

வழிகாட்டியாக வந்தவர் ஜியோகிரஃபி ரீச்சர். மிருதங்கத்தைக் கண்ணால் கண்டிராதவர். நான் முறைப்பாடு செய்ய யோசித்தேன். பிறகுதான் பார்த்தேன், ஒன்றும் தெரியாததால்தான் அவர் நல்ல கேள்வி கேட்டார். “சரி, பாரம் வேண்டும். ஏன் சரியாக நடுவில்? ஓரத்தில் வைத்தால் என்ன?” என்று கேட்டு அனுப்பிவிட்டார். மகளுக்கு இரண்டு கிழமை தூக்கம் இல்லை. எந்த ரியூசன் சேரும் ஒரு பிள்ளையை இரண்டு கிழமை விடையில்லாமல் விடமாட்டார். அதற்குத்தானே காசு கொடுக்கிறோம்.

கடைசி நாள் நூலகத்தில் பன்னிரண்டு பேர் முன் விளக்கினாள். நான்கு பேர் சேர்ந்தால் என் பின்னால் ஒளிக்கிற பிள்ளை. ஒரு கேள்விக்கு “அது எனக்கு இன்னும் தெரியாது, இப்படித் தேடிப் பார்க்கலாம்” என்று நிதானமாகச் சொன்னாள். கிடைத்தது பி தரம். ஏ வரவில்லையே என்று அன்று பின்னேரம் எனக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

சரி, யூகாஸுக்கு, அதாவது பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு, இது உதவுமா என்று கேட்பீர்கள். நானும் கேட்பேன். 2026 அனுமதியிலிருந்து, பிள்ளை தன்னைப் பற்றி எழுதும் அந்தத் தனிக்கூற்று (பேர்சனல் ஸ்டேட்மென்ட்) மூன்று கேள்விகளாக மாறிவிட்டது. மொத்தம் 4,000 எழுத்துகள். ஏன் இந்தத் துறை, உன் படிப்பு உன்னை எப்படித் தயார்ப்படுத்தியது, படிப்புக்கு வெளியே வேறென்ன செய்தாய், அது ஏன் பயன்படும். மூன்றாவதை ரியூசன் சேரால் நிரப்ப முடியாது. இப்போது அதற்கும் கோச்சிங் தொடங்கிவிட்டார்கள் என்று கேள்விப்படுகிறேன். பொதுச்சேவைக்குச் சான்றிதழ் எடுத்துத் தருவதாக ஒருவர் எனக்கே செய்தி அனுப்பினார். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். ஏழு சான்றிதழோடு வரும் பிள்ளையைவிட, ஒரே இடத்துக்கு இரண்டு வருடம் விடாமல் போன பிள்ளைக்குத்தான் சொல்ல ஏதாவது இருக்கும்.

அதோடு, எங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே செய்வது பலதும் கணக்கில் வரும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. 1956இல் தொடங்கிய, இளையோருக்கான டியூக் ஒஃப் எடின்பரோ விருதில் தங்கப் படிக்கு 16 வயதிலிருந்து சேரலாம். அதில் தொண்டு, உடற்பயிற்சி, ஒரு திறமை, நான்கு நாள் பயணம், வீட்டுக்கு வெளியே ஐந்து நாள் தங்கல் என்று ஐந்து பகுதிகள். தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுப்பது தொண்டு. பரதம் உடற்பயிற்சிக்குள் வரும். மிருதங்கமும் வீணையும் திறமை. முன்கூட்டியே பள்ளியில் உள்ள பொறுப்பாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்கவேண்டும், அவ்வளவுதான். பயணத்துக்குப் பெண்பிள்ளைகளை விட யோசிக்கிறவர்களுக்கு ஒரு சொல்: நானும் யோசித்தேன், விட்டேன். கால் முழுக்கக் கொப்புளத்தோடு வந்து, கூடாரத்துக்குள் தானே சமைத்த நூடில்ஸின் படத்தைத்தான் முதலில் காட்டினாள்.

செலவு தடையாக இருந்தால் 16–19 உதவி நிதி என்று ஒன்று இருக்கிறது. பஸ் காசு, புத்தகம், பயணச் செலவு என்று பள்ளி நிலைமையைப் பார்த்துக் கொடுக்கும். கேட்பதில் வெட்கம் வேண்டாம். தொழில் வழிகாட்டலும் அப்படித்தான். பயிற்சி பெற்ற ஒரு வழிகாட்டியோடு தனியே இருந்து பேச 18 வயதுக்குள் ஒரு தடவையாவது வாய்ப்புக் கொடுக்கவேண்டும் என்பது தொழில் வழிகாட்டலுக்குப் பள்ளிகள் பின்பற்றும் கட்ஸ்பி அளவுகோல்களில் ஒன்று. பிள்ளைக்கு அது எப்போது என்று கேளுங்கள். பெற்றோர் சந்திப்பில் “என்ன கிரேட் வரும்?” என்பதோடு எழும்பிவிடாமல், புதன் பின்னேரம் இவன் என்ன செய்கிறான், யாரோடு செய்கிறான் என்றும் கேளுங்கள்.

பள்ளிகளுக்கும் ஒரு வரி, யாராவது மொழிபெயர்த்துக் காட்டுவார்கள் என்ற நம்பிக்கையில்: ‘என்ரிச்மென்ட்’ என்று மட்டும் போட்டு வெள்ளைப் பெட்டி அனுப்பினால் எங்களுக்கு அது ஓய்வு நேரமாகத்தான் தெரியும். எங்கே, என்ன, எத்தனை மணிக்கு என்று பெட்டிக்குள் எழுதி அனுப்புங்கள்.

தங்கைக்கு: கெமிஸ்ட்ரி சேரின் நம்பரைத் தனியே அனுப்புகிறேன். அவர் சனிக்கிழமையும் படிப்பிக்கிறவர்.

இப்படிக்கு,
ஹாரோவிலிருந்து ஒரு தாய்