நாட்டிய வகுப்பும் அதன் ஆசிரியையும்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் அங்கத்தினர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கடந்த ஓராண்டில் நம் சங்கத்தின் நூலகமும் மாதாந்திரச் சொற்பொழிவுகளும் தடையின்றி நடைபெற்றன. செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். இவ்வறிக்கையின் பெரும்பகுதியை நம் பரதநாட்டிய வகுப்புக்கும் அதை நடத்திவரும் ஆசிரியைக்கும் ஒதுக்கியிருக்கிறேன். ஏனெனில் இவ்வாண்டு எனக்கு வந்த கேள்விகளில் மிகுதியானவை அந்த வகுப்பைப் பற்றியவை. மூன்றாண்டுகள் ஆகியும் ஒரு குழந்தைகூட ஏன் அரங்கேறவில்லை என்பதுதான் அவற்றில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி. அதற்குரிய விடையைப் பொதுக்குழுவின் முன் முறையாக வைப்பது என் கடமை.

நம் ஆசிரியை தம் எட்டாம் வயதில், தஞ்சை வட்டாரத்தில் பந்தநல்லூர் என்னும் நாட்டியப் பாணியில் வந்த முதிய நட்டுவனார் (நாட்டிய ஆசான்) ஒருவரிடம் சேர்ந்து பயின்றவர். அந்தப் பாணிக்கு நாடறிந்த பெயரைத் தேடித்தந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869–1954) தஞ்சை நால்வர் மரபில் வந்தவர். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் நிறைவுறும் இன்றைய கச்சேரி முறையை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்தவர்கள் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய அந்த நான்கு சகோதரர்களே. ஆசிரியைக்கு வாய்த்த குரு, முதுமையின் காரணமாக எழுந்து ஆடிக் காட்டமாட்டார். தட்டுப்பலகையின் முன் அமர்ந்து, தட்டுக்கழியால் தாளமிட்டுக்கொண்டே சொல்லுக்கட்டை, அதாவது ஆட்டத்துக்குரிய தாளச் சொற்களைச் சொல்லுவார். கை எங்கே நிற்க வேண்டும், பார்வை எங்கே செல்ல வேண்டும் என்பதையெல்லாம் வாயால் சொல்லித்தான் திருத்துவார். பார்த்துச் செய்ய எதிரில் ஓர் உருவம் இல்லாததால், ஒவ்வோர் அடவையும் (அடிப்படை ஆட்ட அசைவையும்) தம் உடம்பிலேயே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று ஆசிரியை எங்களிடம் கூறினார். அவருடைய கற்பிக்கும் முறை முழுவதற்கும் இதுவே வேர் என்று நான் கருதுகிறேன்.

பின்னர் அரசு இசைக் கல்லூரி ஒன்றில் பயின்ற அவர், பல ஆண்டுகள் பிறருடைய கச்சேரிகளுக்கு நட்டுவாங்கம் செய்தார், அதாவது கைத்தாளமிட்டு ஜதி என்னும் தாளச் சொற்களைச் சொல்லி ஆட்டத்தை நடத்தினார். இளம் வயதிலேயே முழங்கால் கெட்டு ஆட்டத்தை விட்டவர்களையும், பாட்டின் பொருள் தெரியாமலேயே பதம் என்னும் அபிநயப் பாடலுக்கு ஆடியவர்களையும் மேடையோரத்தில் அமர்ந்து பார்த்திருக்கிறார். தாம் கற்பிக்கும் குழந்தைக்கு இவ்விரண்டும் நேரக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துகொண்டதாகச் சொல்கிறார்.

ஆகவேதான் நம் வகுப்பில் முதலாண்டு ஏறத்தாழ முழுவதும் அரைமண்டி என்னும் பாதி அமர்ந்த நிலையிலும் தட்டடவு, நாட்டடவு ஆகியவற்றிலுமே கழிகிறது. குதிகால்கள் சேர்ந்திருக்க, முழங்கால்கள் பக்கவாட்டில் விரிய, முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும் என்பது எல்லா வகுப்புகளிலும் சொல்லப்படுவதுதான். நம் ஆசிரியை இத்துடன் நிற்பதில்லை. பாதத்தை மட்டும் வலிந்து வெளியே திருப்பினால் முழங்கால் முறுகும் என்பதால், திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்தே வர வேண்டும் என்பதை ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் தொடையைத் தொட்டுக் காட்டி விளக்குகிறார். ஒரு வெள்ளிக்கிழமை மாலை வகுப்பில் நான் கண்டதை இங்கே குறிப்பிடுகிறேன். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி மற்றவர்களைப்போல் தாழ்ந்து உட்கார முயன்று முன்பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தாள். ஆசிரியை அவளைச் சுவரோரம் அழைத்துச் சென்று, முதுகு சுவரில் படும்படி நிற்கவைத்து, முதுகு விலகாமல் அவளால் எவ்வளவு தாழ முடிந்ததோ அந்த அளவில் சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, "இதுதான் உன் அரைமண்டி, அடுத்த மாதம் பார்ப்போம்" என்றார். அந்தச் சுவரில் இப்போது குழந்தைகளின் பெயர்களோடு பல கோடுகள் இருக்கின்றன. இவ்வாண்டு வெள்ளையடித்தபோது அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடும்படி செயற்குழு பணித்தது.

முதற்காலத்தில் (மெதுவான வேகத்தில்) பிசகின்றி வராத அடவை இரண்டாங்காலத்துக்கு (இரட்டை வேகத்துக்கு) அவர் எடுத்துச் செல்வதே இல்லை. மூன்றாங்காலத்தில் தடுமாறும் பிள்ளையைக் கீழே உட்காரவைத்து, "தெய்யும் தத்த தெய்யும் தா" என்று வாயால் சொல்லியபடி கையால் தாளமிடச் செய்கிறார். சொல் தெளிந்தால் கால் தானே தெளியும் என்பது அவர் அனுபவம். இரண்டாமாண்டு முடிந்த ஒவ்வொரு பிள்ளையும் நட்டுவாங்கத் தாளத்தைக் கையிலெடுத்துத் தன் தோழிகள் ஆட ஜதி சொல்லியாக வேண்டும். திச்ரம், சதுச்ரம், கண்டம், மிச்ரம், சங்கீர்ணம் ஆகிய ஐந்து தாள ஜாதிகளையும், அதாவது 3, 4, 5, 7, 9 என்ற எண்ணிக்கைகளை, நம் பிள்ளைகள் நடந்துகொண்டே தட்டிக் காட்டுகிறார்கள்.

அபிநயத்தில் அவர் முறை இன்னும் தனித்தன்மை உடையது. அபிநய தர்ப்பணம் என்ற பழைய வடமொழி நாட்டிய நூல் கூறும் 28 ஒற்றைக்கை முத்திரைகளையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அதன்பின் பதாகம் என்ற ஒரே கையை எடுத்துக்கொண்டு, அது குறிக்கக்கூடிய மேகம், காடு, இரவு, ஆறு ஆகியவற்றை ஒவ்வொருவரும் தாமே காட்ட வேண்டும். ஆசிரியை முதலில் செய்து காட்டுவதில்லை. அப்படி ஒரு நாள் ஆறு காட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு சிறுவன் எழுந்து, "டீச்சர், வற்றிப்போன ஆற்றை எப்படிக் காட்டுவது?" என்று கேட்டான். அவர் அதற்கு விடை சொல்லாமல் வகுப்பையே கேட்டார். சிறிது நேரம் கழித்து ஒரு பெண் கையை அசைக்காமல் நிறுத்தி, கண்களை மட்டும் அந்தக் கையின் வழியே மெல்ல ஓடவிட்டாள். அன்று நான் வாயிலில் நின்றுகொண்டிருந்தேன்; அந்தக் கணத்தை மறக்க என்னால் இயலவில்லை.

இவ்வாண்டு நடந்த பெற்றோர் கூட்டத்தில், புகழ்பெற்ற நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி ஏழு வயதிலேயே அரங்கேறவில்லையா என்று ஒருவர் வினவினார். ஆசிரியை அதைத் தட்டிக்கழிக்காமல் விரிவாகவே பதிலளித்தார். பாலசரஸ்வதி 1925-இல் காஞ்சிபுரத்தில் அரங்கேறியது உண்மை. ஆனால் அவர் வீணை தனம்மாளின் பேத்தி, பாடகி ஜெயம்மாளின் மகள். நட்டுவனார் கந்தப்பப் பிள்ளையிடம் மிகச் சிறு வயதிலேயே தொடங்கி நாள்தோறும் கடுமையாகப் பயின்றவர். இசை ஒலிக்காத பொழுதே இல்லாத வீட்டில் வளர்ந்தவர். வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் வருகின்ற பிள்ளையின் மீது அந்த ஏழு வயதைச் சுமத்துவது நியாயமல்ல என்றார். அதே கூட்டத்தில், சதிர் என்று வழங்கிய இக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் தேவதாசிக் குடும்பத்துப் பெண்களும் நட்டுவனார்களுமே என்பதையும், ருக்மிணி தேவி 1936-இல் கலாக்ஷேத்திரம் என்னும் கலைப்பள்ளியைத் தொடங்கியபோதும் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற நட்டுவனார்களே ஆசிரியர்களாக அமைந்தார்கள் என்பதையும் எடுத்துரைத்தார். யாரிடமிருந்து பெற்றோம் என்று தெரியாத பிள்ளைக்குச் சலங்கை கட்டமாட்டேன் என்று அவர் சொன்னபோது கூட்டம் அமைதியாகக் கேட்டது.

நம் தரப்பில் நேர்ந்த ஒரு குறையையும் பதிவு செய்ய வேண்டும். சேர்ந்த முதல் மாதத்திலேயே, சிமெண்டுத் தரையில் கால் தட்டிப் பழகுவது வளரும் எலும்புக்கு ஆகாது, மரத்தளம் வேண்டும் என்று ஆசிரியை எழுதிக் கொடுத்தார். அக்கடிதம் ஓராண்டுக்கு மேல் என் கோப்பிலேயே கிடந்தது. பிள்ளைகள் சிலர் கணுக்காலுக்கு மேலே வலிக்கிறது என்று சொல்லத் தொடங்கியதும், ஆசிரியை 'குதித்து மெட்டடவு' என்னும் குதித்து ஆடும் அடவு போன்றவற்றை நிறுத்திவிட்டு, உட்கார்ந்து பாடும் பாடங்களையே நடத்தினார். பாடம் பின்தங்குகிறதே என்ற பேச்சையும் அவரே தாங்கிக்கொண்டார். அதற்காக அவரிடமும் பெற்றோர்களிடமும் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். இவ்வாண்டு கூடத்தின் பாதியளவுக்குச் சட்டங்களின் மேல் பலகை அடித்து, மிதித்தால் சற்றே இடங்கொடுக்கும் தளம் அமைக்கப்பட்டது.

ஆண்டின் இறுதியில், ஒப்பனையும் பட்டுடையும் இல்லாமல், வகுப்பு உடையிலேயே பிள்ளைகள் பெற்றோர் முன் ஆடினார்கள். ஜதீஸ்வரம் என்னும் ஸ்வர உருப்படியின் நடுவே மூத்த மாணவி ஒருத்தி கோர்வையை (அடவுகளின் தொடரை) மறந்து நின்றுவிட்டாள். தாளம் பிடித்திருந்த பன்னிரண்டு வயதுப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொல்லை ஓர் இம்மியும் தளர்த்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். நின்றவள் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) கேட்டுவிட்டுச் சரியாகச் சமத்தில் (சுற்றின் முதல் தட்டில்) வந்து சேர்ந்தாள். அப்போது ஆசிரியை கடைசி வரிசையில் பெற்றோர்களோடு அமர்ந்திருந்தார்.

கூடத்தின் மீதிப் பாதிக்கும் மரத்தளம் அமைப்பது, மூத்த பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்றாவது நாள் வகுப்பைச் சேர்ப்பது, அரங்கேற்றத்துக்கு உரிய காலத்தை ஆசிரியை ஒருவரே முடிவு செய்வது ஆகிய மூன்றையும் செயற்குழு பரிந்துரைத்துள்ளது. அவற்றைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

தங்கள் பணியில்,
செயலாளர்