499 ரூபாய் கட்டியும் மங்கலாக வந்த கொலாஜ்: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் அனுப்பும் ஐந்தாவது மெயில். முதல் நான்குக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில். நான் கருத்துச் சொல்லவில்லை ஐயா, காசைக் கேட்டேன்.

அப்பாவின் எண்பதாம் கல்யாணத்துக்காக, 1968-இல் எடுத்த அவர்கள் கல்யாணப் போட்டோவை நடுவில் வைத்து, சுற்றிலும் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் என்று 23 படங்களை உங்கள் தளத்தில் ஒரே படமாக, அதாவது கொலாஜாகச் சேர்த்தேன். இரண்டு ராத்திரி வேலை. டவுன்லோட் செய்யப் போனால் படத்தின் குறுக்கே உங்கள் பேர். அதை எடுக்க 499 ரூபாய். சரி, உங்களுக்கும் பிழைப்பு இருக்கிறதே என்று கட்டினேன். 'பிரிண்ட் தரம்' பட்டனைத்தான் அமுக்கினேன்.

சங்கரன்கோவிலிலிருந்து பஸ் ஏறித் திருநெல்வேலி பிரிண்ட் கடைக்குப் போனேன். கடைத் தம்பி அம்மா முகத்தைப் பெரிதாக்கினார். மூக்குத்தி இருந்த இடத்தில் நாலு சாம்பல் கட்டம். "அண்ணாச்சி, இது வாட்ஸ்அப்புல வந்த படமா? 1200-க்கு 1800 பிக்ஸல்தான இருக்கு. 12-க்கு 18 இன்ச்சுக்கு 3600-க்கு 5400 வேணும்லா" என்றார். நான் வத்தல் மண்டியில் 30 வருஷமாகக் கணக்கு எழுதுகிறவன். ஒன்பதில் ஒரு பங்கு சரக்கைக் கொடுத்துவிட்டு முழு மூட்டைக்குப் பில் போட்டால் எங்கள் பஜாரில் அதற்குப் பேரே வேறு.

உங்கள் சாட்டில் வந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? "போன்ல பார்த்தா நல்லாத்தானே இருக்கு? பழக்கம் இல்லைன்னா பக்கத்துல சின்னப் பசங்க யாரையாவது செய்யச் சொல்லுங்க சார்." எனக்கு 54 வயசு. அந்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். தினம் ஒரு தடவை பார்க்கிறேன்.

அதற்கு முந்தின நாள்தான் வேறொருவர், "மறுபடி டவுன்லோட் பண்ணுங்க, சரியாயிடும்" என்றார். அதை நம்பி இரண்டாவது தடவையும் திருநெல்வேலி. அதே 1200, அதே 1800. போக மூன்று, வர மூன்று என்று அன்று பஸ்ஸிலேயே ஆறு பலகாரப் பொட்டலம் தின்றதுதான் மிச்சம். தாத்தா தலையைக் கட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று உங்கள் மென்பொருள் தானாக வெட்டியதை நான் இன்னும் சொல்லவே இல்லை.

விசேஷத்தன்று வரவேற்பு மேஜையில் வெறும் ஸ்டாண்டு நின்றது. மானம் போனதற்கு விலை கிடையாது. இருந்தாலும் மொத்த நஷ்டம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

புகார் வந்த 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020 இ-காமர்ஸ் விதி. தயவுசெய்து 499 ரூபாயைத் திருப்பி அனுப்புங்கள், முழு அளவுப் படத்தையும் கொடுங்கள். உங்களோடு சண்டை போட எனக்கு ஆசையில்லை. வரும் வெள்ளிக்குள் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் வாசிப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் கட்டண வாடிக்கையாளர்

பி.கு.: இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மெசேஜ் வந்தது: நாளைக்கு இன்னொரு 499 ரூபாய் உங்களுக்குப் போகுமாம். மாசாமாசம் என்று எந்த மூலையில் கொசு எழுத்தில் போட்டிருந்தீர்கள்? உங்கள் தளத்தில் ரத்து செய்யும் இடத்தை ஒரு மணி நேரம் தேடினேன், கிடைக்கவில்லை. யுபிஐ ஆப்பில் ஆட்டோபேயை நானே நிறுத்திவிட்டேன். சின்னப் பசங்க யாரையும் கூப்பிடவில்லை.