அவசரப்படாமல் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர்களுக்கு

அன்புள்ள பொறியாளர் நண்பர்களே,

குழாயில் தண்ணீர் வந்த அன்றே உங்களுக்கு நன்றி எழுத வேண்டும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள், ஒரு கோடை தாண்டட்டும் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். கோடை தாண்டிவிட்டது, தண்ணீர் நிற்கவில்லை. சம்பளம் எதுவும் வாங்காமல், வேலைக்கு லீவு போட்டு, சொந்தச் செலவில் வந்து போன உங்கள் ஒவ்வொருவருக்கும் ஊர் சார்பாக மனமார்ந்த நன்றி.

உதவி செய்ய வந்தவர்களில் நீங்கள் முதல் ஆட்கள் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். முன்பு வேறு சிலர் வந்து போர் போட்டார்கள், கைப்பம்பு வைத்தார்கள், படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். உள்ளே வாஷர் தேய்ந்தபோது அதை எப்படிக் கழற்றுவது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது, மாற்று வாஷர் எங்கே கிடைக்கும் என்றும் தெரியாது. அந்தப் பம்பு இன்னும் துருப்பிடித்து அதே இடத்தில் நிற்கிறது. அதனால்தான் உங்களை முதலில் அவ்வளவு சந்தேகமாகப் பார்த்தோம்.

நீங்கள் வந்தது மழைக்காலம், ஓடை இரண்டு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது, உடனே குழாய் போடுங்கள் என்று கேட்டோம். கோடையின் கடைசியில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று தெரியாமல் ஒரு அடி குழாய்கூட வாங்க மாட்டோம் என்றீர்கள். எங்கள் பிள்ளைகளிடம் இருபது லிட்டர் வாளி ஒன்றையும் ஒரு நோட்டையும் கொடுத்து, வாளி நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துவைக்கச் சொல்லிவிட்டுப் போனீர்கள். பெரிய ஓடை வற்றும், பாறை இடுக்கிலிருந்து வருகிற சின்ன ஓடை வற்றாது என்று ஒரு பாட்டி சொன்னதையும் அதே நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். வயதானவர்கள் ஏதோ சொல்கிறார்கள் என்று ஒதுக்காமல் அந்தச் சின்ன ஓடையையும் அளக்கச் சொன்னீர்களே, அங்கேதான் எங்களுக்கு உங்கள் மேல் நம்பிக்கை வந்தது. கோடை முடிந்து நோட்டைப் பார்த்தபோது பாட்டி சொன்னதுதான் சரி.

நாங்கள் மோட்டார் கேட்டோம், நீங்கள் வேண்டாம் என்றீர்கள். தண்ணீர் மேலே இருக்கிறது, ஊர் கீழே இருக்கிறது, பத்து மீட்டர் இறக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு ‘பார்’ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் சும்மாவே கிடைக்கும்போது கரன்ட்டுக்கும் ரிப்பேருக்கும் ஏன் செலவு என்று கேட்டு, கணக்கையும் போட்டுக் காட்டினீர்கள். அப்புறம் குழாய் மேடேறி இறங்குகிற இடத்தில் காற்று அடைத்துக்கொண்டு தண்ணீரை மறிக்கும் என்று அங்கே ஒரு காற்று வால்வு, பள்ளத்தில் சேறு வெளியேற ஒரு வால்வு. இவ்வளவு சின்ன சாமானுக்கு இத்தனை பேச்சா என்று அப்போது தோன்றியது. இன்று அந்த இரண்டு வால்வையும் பார்த்துவிட்டு வருவதுதான் எங்கள் ஆட்களுக்கு வாரத்தின் முதல் வேலை.

மணல் வடிகட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் சண்டையே வந்தது. மணலைச் சலித்து, கழுவிய தண்ணீர் கலங்காமல் போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவி, தொட்டியில் நிரப்பித் திறந்துவிட்டால் பளிங்கு மாதிரி தண்ணீர் வருகிறது, நீங்களோ அதை வாரக்கணக்கில் வெளியே விடச் சொல்கிறீர்கள்! குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் யாருக்குத்தான் கோபம் வராது? உங்களில் ஒரு அக்கா அந்தத் தண்ணீரைச் சின்ன வட்டத் தட்டில் சோதித்து, ஒரு நாள் சூட்டுப் பெட்டியில் வைத்து எடுத்து, புள்ளி புள்ளியாக முளைத்திருந்த கிருமிகளை எங்கள் கண்ணெதிரே எண்ணினார். குடிநீரில் 100 மில்லிக்கு மலத்திலிருந்து வரும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மணலின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் சேர்ந்து ஒரு மெல்லிய படலம் உண்டாக வேண்டும், கிருமியைத் தின்பது அதுதான், அதற்கு நாள் பிடிக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். வாரங்கள் போகப் போகப் புள்ளிகள் குறைந்தன. ஒரு தட்டு வெறுமையாக வந்த நாளில் எல்லோரும் அதைக் கையில் வாங்கிப் பார்த்தோம்.

அவர் சொன்ன ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரக் கதையை எங்கள் பிள்ளைகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1892-இல் அந்த நகரத்தில் காலரா வந்து சுமார் 8,600 பேர் இறந்தார்கள். பக்கத்திலேயே இருந்த அல்டோனா ஊரும் அதே எல்பே ஆற்றுத் தண்ணீரைத்தான் குடித்தது, அதுவும் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு, ஆனால் மணலில் வடிகட்டிக் குடித்ததால் பெரும்பாலும் தப்பித்தது. இதைக் கேட்ட பிறகு தண்ணீரை வீணாக்குகிறீர்கள் என்று யாரும் உங்களிடம் வாதாடவில்லை.

உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டிய பெரிய காரணம் இனிமேல்தான் வருகிறது. வடிகட்டியைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பை, அதுவரை தண்ணீர் சுமந்த பெண்களிடமே கொடுக்க வேண்டும் என்று சொன்னீர்கள். ஊர்க்கூட்டத்தில் முணுமுணுப்பு வந்தது, நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. இன்று தண்ணீர் இறங்கும் வேகம் குறைந்தால் ஒரு தொட்டியை மூடி, மேல் மணலில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டும் சுரண்டியெடுத்துக் கழுவிக் காயவைக்கிறார்கள், அதுவரை அடுத்த தொட்டி ஓடுகிறது. படலத்தில் உள்ள உயிர்களுக்கு மூச்சு வேண்டும், தண்ணீர் ஓட்டம் நின்றால் அவை செத்துவிடும் என்பதால் ராத்திரியிலும் அதை நிறுத்துவதில்லை. கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்து, சோதனை மருந்து போட்டு, இளஞ்சிவப்பு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, கிருமியைக் கொல்லக் கலக்கிற குளோரினில் மிச்சம் லிட்டருக்கு 0.2-லிருந்து 0.5 மில்லிகிராமுக்குள் இருக்கிறதா என்று நோட்டில் எழுதுகிறார்கள். போன மழையில் குழாய் ஒன்று உடைந்தபோது யாருக்கும் போன் போடவில்லை, அவர்களே வெட்டி ஒட்டிவிட்டார்கள். எங்களுக்கு இதுதான் பெரிய விஷயம்.

ஊருக்கு வராமலே எங்கோ உட்கார்ந்து வரைபடம் போட்டுக் கொடுத்தவர்களுக்கும், பணம் கொடுத்தவர்களுக்கும், லீவு நாளில் உங்களை எங்களிடம் அனுப்பிவைத்த உங்கள் வீட்டாருக்கும் எங்கள் நன்றியைச் சொல்லுங்கள். குழாயை மலைமேல் தோளில் சுமந்த எங்கள் ஊர் இளைஞர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

நோட்டின் கடைசிப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புகிறோம். இரண்டாவது தொட்டியில் மணல் முன்பைவிடச் சீக்கிரம் அடைக்கிறது, மழைக் கலங்கல்தான் காரணம் என்று நம் பெண்கள் சொல்கிறார்கள். முகப்பில் இன்னொரு சரளைக்கல் தொட்டி கட்டலாமா என்றும் கேட்கிறார்கள். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கட்டுகிற வேலையை நாங்களே செய்துகொள்கிறோம்.

அன்புடன்,
குடிநீர்க் குழுவுக்காக