பற்பசை நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்: ஃபுளோரைடு எண்ணைப் பெட்டியின் முகப்பில் அச்சிடுங்கள்

பெறுநர்:
இந்தியாவில் குழந்தைகளுக்கான பற்பசை தயாரித்து விற்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்கள்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மருந்துக்கடை நடத்திவரும் மருந்தாளுநன் நான். என் முன்பற்கள் இரண்டிலும் பழுப்புக் கறை உண்டு. பிள்ளைப் பருவத்தில் குடித்த கிணற்று நீரில் மிகுந்திருந்த ஃபுளோரைடு என்னும் தாதுப்பொருள் விட்டுச் சென்ற கறை அது. எந்தப் பற்பசைக்கும் அது போகாது. ஃபுளோரைடு மிகுந்தால் என்ன ஆகும் என்பதை என் வாயிலும், அது போதாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கடைக்கு வலிமருந்து கேட்டு வரும் பிள்ளைகளின் சொத்தைப் பற்களிலும் அன்றாடம் பார்ப்பவன் என்பதால், உங்களுக்கு இதை எழுதும் உரிமை எனக்கு உண்டு என்று கருதுகிறேன்.

"சின்னப் பிள்ளைக்கு நல்ல பேஸ்ட்டா ஒண்ணு கொடுங்கண்ணா" என்று கேட்டு வரும் தாயிடம் நான் வழக்கமாக மூன்று பெட்டிகளை எடுத்து வைப்பேன். மூன்றின் முகப்பிலும் பழமோ, சிரிக்கும் விலங்கோ இருக்கும். ஏறத்தாழ ஒரே வண்ணம், ஒரே உருவம். ஆனால் ஒன்றில் 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) ஃபுளோரைடு இருக்கிறது, இன்னொன்றில் அதில் பாதிகூட இல்லை, மூன்றாவதில் அறவே இல்லை. இந்த வேறுபாட்டை அறிய வேண்டுமானால் பெட்டியைப் புரட்டி, வெளிச்சத்தில் சாய்த்து, வேதிப்பெயர்களின் வரிசைக்கு நடுவே ஆங்கிலத்தில் எள் அளவுக்கு அச்சாகியிருக்கும் ஓர் எண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டும். கண்ணாடியை வீட்டில் மறந்து வந்த பாட்டிக்கு அது இயலாது. அவர் நிறத்தையும் விலையையும் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறார்.

நீங்கள் சட்டத்தை மீறுகிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. பற்பசையில் ஃபுளோரைடு 1000 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது, அந்த அளவை டியூபிலும் அட்டைப் பெட்டியிலும் குறிப்பிட வேண்டும், காலாவதி நாளையும் அச்சிட வேண்டும் என்று நம் நாட்டு விதி கூறுகிறது, நீங்களும் குறிப்பிடுகிறீர்கள். படிக்க முடிகிறதா என்பதுதான் என் கேள்வி. படிக்க வேண்டியது படிக்க முடியாதபடி இருப்பதால், மக்கள் வேறொன்றைப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். டியூபின் அடிமடிப்பில் உள்ள சிறு வண்ணக் கட்டத்தைக் காட்டி, பச்சை என்றால் மூலிகை, கறுப்பு என்றால் ரசாயனம் என்று விளக்கம் சொல்லும் செய்தி பல ஆண்டுகளாகக் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிக்கொண்டிருக்கிறது. டியூபை எந்த இடத்தில் வெட்டி ஒட்டுவது என்பதை இயந்திரத்தின் உணர்கருவிக்குக் காட்டுவதற்கான அடையாளமே அந்தக் கட்டம் என்பது உங்களுக்குத் தெரியும். என் கடையில் அந்தக் கட்டத்தைப் பார்த்துப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தவர்கள் பலர். பிபிஎம் எண்ணைக் கேட்டு வந்தவர் இத்தனை ஆண்டுகளில் ஒருவர்கூட இல்லை.

அந்த எண் ஏன் முக்கியம் என்பதை உங்கள் ஆய்வுக்கூடத்தினருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த மடலைப் படிக்கும் பெற்றோருக்காகச் சில வரிகள். வாயில் தங்கும் இனிப்பைத் தின்று கிருமிகள் உண்டாக்கும் அமிலம் பல்லின் எனாமலிலிருந்து தாதுப் பொருளைக் கரைத்துக்கொண்டே இருக்கிறது. உமிழ்நீர் அதைத் திரும்பச் சேர்க்கிறது. ஃபுளோரைடு அந்தச் சேர்க்கையை விரைவுபடுத்தி, சேர்ந்ததை அமிலத்துக்கு எளிதில் கரையாததாக ஆக்குகிறது. பல்லின் மேற்பரப்பில் படுவதால் கிடைக்கும் பலன் இது, விழுங்குவதால் கிடைப்பதன்று. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் ஃபுளோரைடு பற்பசையைச் சேர்த்தபோது, 1000 முதல் 1500 பிபிஎம் வரையுள்ளதையே குறித்தது. (நம் சட்டத்தில் பற்பசை இன்னும் முகப்பூச்சோடும் கூந்தல் தைலத்தோடும் அழகுசாதனப் பொருளாகவே அமர்ந்திருக்கிறது என்பது வேறு கதை.) 1000-க்குக் கீழே போகப்போக, சொத்தையைத் தடுக்கிறது என்பதற்கான சான்றும் மெலிந்துகொண்டே போகிறது.

ஆகவே, ஃபுளோரைடைக் குறைத்துவிட்டு "குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது" என்று விற்பதில் எனக்கு உடன்பாடில்லை. குழந்தையின் பாதுகாப்பு பிரஷ்ஷில் வைக்கும் பசையின் அளவைப் பொறுத்தது. பசையை நீர்க்கச் செய்து அதை ஈடுகட்ட முடியாது. கணக்கு எளியது: 1000 பிபிஎம் பசை ஒரு கிராமில் ஒரு மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கிறது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பல் மருத்துவர்கள் சொல்வது ஓர் அரிசி மணி அளவு. அது ஏறத்தாழ 0.1 கிராம். மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவு. அது ஏறத்தாழ கால் கிராம். பிரஷ்ஷின் நீளம் முழுவதும் பிதுக்கினால் ஒரு கிராம் ஆகிவிடும். எட்டு வயது வரையான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.1 மில்லிகிராமுக்கு மேல் போக வேண்டாம் என்பது அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்னும் மருத்துவ அறிவியல் அமைப்பு வகுத்த மேல்வரம்பு. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 1.2 மில்லிகிராம். அந்தக் குழந்தை பட்டாணி அளவை இரண்டு வேளையும் முழுதாக விழுங்கிவிட்டாலும் அரை மில்லிகிராம்தான். பிரஷ் நிறையப் பிதுக்கியதை இரண்டு வேளையும் விழுங்கினால் 2 மில்லிகிராம். நிலைத்த பற்கள் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயது அது. மிகுதியாக உள்ளே போனதன் கணக்கு, ஏழெட்டு வயதில் முன்பல் முளைக்கும்போதுதான் வெண்புள்ளியாகவும் கோடாகவும் வெளியே தெரியும்.

பிரஷ் நிறையப் பிதுக்க எங்கள் ஊர்த் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நீங்கள்தான். தொலைக்காட்சி விளம்பரத்திலும் பெட்டியின் படத்திலும் பிரஷ்ஷின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அலையாகச் சுருண்டு, நுனியில் கொக்கிபோல் வளைந்து நிற்கிறதே, அந்தப் பசைதான் அவர்களுக்கு அளவுகோல். பெட்டியின் பின்புறத்தில் பட்டாணி அளவு என்று எழுதிவிட்டு, முன்புறத்தில் அதைப்போல் நான்கு மடங்கைப் படமாகப் போட்டால், பார்ப்பவர் எதை நம்புவார்? குழந்தைகளுக்கான பெட்டியிலாவது அந்த அலையை எடுத்துவிடுங்கள். விற்பனை குறையும் என்ற கவலை உங்களுக்கு இருக்கலாம். இருந்தால் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள், பேசுவோம்.

சுவையைப் பற்றியும் ஒரு சொல். ஸ்ட்ராபெர்ரி மணமில்லாவிட்டால் குழந்தை வாயைத் திறக்காது என்பதை இரண்டு பேரப்பிள்ளைகளின் தாத்தாவாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிட்டாய்போல் இனிக்கும் ஒன்றை, மிட்டாய்போல் இருக்கும் உறையில், இரண்டு வயதுக் குழந்தை பல்லால் கடித்தே திறந்துவிடும் மூடியோடு விற்கும்போது, எட்டாத இடத்தில் வையுங்கள் என்ற எச்சரிக்கையும் அதே அளவு கண்ணில் பட வேண்டும். உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டிய நச்சளவாகக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் கொள்ளப்படுகிறது. 10 கிலோ குழந்தைக்கு அது 50 மில்லிகிராம், அதாவது 1000 பிபிஎம் பசையுள்ள 100 கிராம் டியூபில் பாதி. அவ்வளவு தின்பது அரிது என்பது உண்மைதான், ஆனால் அதைவிடக் குறைவாகத் தின்றாலே குமட்டலும் வயிற்றுவலியும் வாந்தியும் வரும். பாலில் உள்ள கால்சியம் ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் உடனே பால் கொடுத்து, அளவு மிகுதி என்று தோன்றினால் டியூபையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற ஒரு வரியைத் தமிழில் அச்சிட எவ்வளவு இடம் தேவைப்படும்?

வாய் கொப்பளிப்பதிலும் உங்கள் உதவி வேண்டும். நம் வீடுகளில் பல் துலக்கியதும் சொம்புத் தண்ணீர் தீரும்வரை கொப்பளிக்க வைப்பதே நல்ல வளர்ப்பு. அதனால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடு சாக்கடைக்குப் போகிறது. கொப்பளிக்கத் தெரியாத குழந்தையோ அந்தத் தண்ணீரை விழுங்கிவிடுகிறது. நுரையை நன்றாகத் துப்பினால் போதும் என்பதை நான் சொன்னால் "வாயெல்லாம் பேஸ்ட்டு இருக்குமே" என்று முகம் சுளிக்கிறார்கள். உங்கள் பெட்டி சொன்னால் நம்புவார்கள்.

எங்கள் மாவட்டத்து நிலைமை இன்னும் சிக்கலானது. நம் குடிநீர்த் தரம் ஃபுளோரைடுக்கு விரும்பத்தக்க அளவாக லிட்டருக்கு 1 மில்லிகிராமையும், வேறு வழியில்லாதபோது உச்ச அளவாக 1.5 மில்லிகிராமையும் வைத்திருக்கிறது. இங்குள்ள பாறைகளின் ஊடாக ஊறி வரும் ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் அதைத் தாண்டிவிடும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேறி 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்றே, ஃபுளோரைடு மிகுவதால் பல்லையும் எலும்பையும் தாக்கும் ஃபுளோரோசிஸ் என்னும் இந்த நோயைத் தணிப்பது. ஆனால் ஆற்று நீர் வராத நாளில் குடம் மறுபடியும் ஆழ்துளைக் கிணற்றுக்குத்தான் போகிறது. லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள நீரில் ஒரு லிட்டர் குடித்த குழந்தைக்குப் பட்டாணி அளவுப் பசை எவ்வளவு கூட்டிவிடும் என்று மேலே உள்ள கணக்கை வைத்தே பார்த்துக்கொள்ளலாம். பிரச்சினையின் வேர் தண்ணீரில் இருக்க, பழி முழுதும் பற்பசைமேல் விழுகிறது. கறை படிந்த பல்லுக்குப் பயந்து ஃபுளோரைடு இல்லாத பசைக்கு மாறிய வீடுகளில், அதே நீரைக் குடித்துக்கொண்டே பிள்ளைகளுக்குச் சொத்தையும் சேர்ந்து வருவதைப் பார்க்கிறேன். இத்தகைய ஊர்களில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்தப் பசை என்பதை நீரின் அளவை அறிந்த பல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நான்கூடச் சொல்வதில்லை. ஆனால் மருத்துவர் ஓர் எண்ணைச் சொல்லி அனுப்பினால், அந்த எண்ணைக் கடையில் கண்டுபிடிக்கும்படி பெட்டி இருக்க வேண்டாமா?

நான் கேட்பது இதுதான். பெட்டியின் முகப்பிலும் டியூபின் முகப்பிலும் ஃபுளோரைடு எத்தனை பிபிஎம் என்பதை, அல்லது ஃபுளோரைடு இல்லை என்பதை, உங்கள் நிறுவனப் பெயருக்குப் பாதி அளவிலாவது அச்சிடுங்கள். அதன் அருகில் அரிசி மணியையும் பட்டாணியையும் அவற்றின் உண்மையான அளவிலேயே வரைந்து, வயதைக் குறியுங்கள். படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். எச்சரிக்கைகளை விற்கும் மாநிலத்தின் மொழியில் தாருங்கள். விளம்பரத்தைப் பதினைந்து மொழிகளில் எடுக்கத் தெரிந்த உங்களுக்கு இது கடினமாக இராது. காலாவதி நாளை டியூபின் மடிப்பில் நிறமின்றி அழுத்திப் பதிக்காமல் மையால் அச்சிடுங்கள். சிற்றூர்க் கடைகளில் குழந்தைகளுக்கான பேஸ்ட் மெதுவாகவே விற்கிறது, தகரக் கூரையின் வெப்பத்தில் மாதக்கணக்கில் கிடக்கிறது, சுண்ணப் பொடி கலந்த பசையில் நாள்பட நாள்படப் பயன்தரும் ஃபுளோரைடு குறைந்துகொண்டே வரும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. இவற்றில் எதற்கும் புதிய சட்டம் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

அதுவரை என் கடையில் நானே ஒன்று செய்து வருகிறேன். குழந்தைகளுக்கான ஒவ்வொரு பற்பசைப் பெட்டியின் முகப்பிலும், உங்கள் ஸ்ட்ராபெர்ரிக்கு மேலேயே, ஒரு வெள்ளைத் துண்டுத்தாளை ஒட்டி, தடித்த பேனாவால் அந்த எண்ணை எழுதிவிடுகிறேன். வாங்குபவர் கையில் ஓர் அரிசி மணியையும் வைத்து அனுப்புகிறேன். உங்கள் விற்பனைப் பிரதிநிதி சென்ற வாரம் வந்தபோது, பெட்டியின் அழகு கெடுகிறது என்று வருந்தினார். நீங்களே அச்சிட்டுத் தந்தால் நான் ஒட்டுவதை நிறுத்திவிடுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்