மணலை வறுக்காமல் பைப்பைக் காய்ச்ச வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சின்ன இரும்புக் குழாய்களை வீட்டிலேயே சூடாக்கி வளைப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கைவேலைக்கு இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. குழாய்க்குள் மணலை நிரப்பி, இரு முனைகளையும் அடைத்து, கேஸ் டார்ச் தீயில் சிவக்கக் காய்ச்சி வளைக்கும் முறை எங்கள் பட்டறைகளில் காலங்காலமாக இருப்பதுதான். மணல் உள்ளே இருந்தால் குழாய் நசுங்காது. ஆனால், படிக்கிறவர் கண்ணையோ நெஞ்சையோ கெடுக்கக்கூடிய இரண்டு விஷயங்கள் அதில் விடுபட்டுவிட்டன.

முதலாவது ஈரம். கட்டுரை 'சுத்தமான மணல்' என்கிறது, 'காய்ந்த மணல்' என்று எங்கேயும் சொல்லவில்லை. தண்ணீர் நீராவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். அடைத்த குழாய்க்குள் அந்த இடத்துக்கு எங்கே போவது? அடைப்புக் கட்டை தோட்டா மாதிரி பறக்கும். வெயிலில் உலர்த்தினால் போதாது. சலித்த மணலை இரும்புச் சட்டியில் போட்டு, கடலை வறுக்கிறவர் புரட்டுவதுபோலப் புரட்டி வறுக்க வேண்டும். மேலே ஒரு கண்ணாடித் துண்டைக் காட்டிப் பாருங்கள். பனி படிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஆறிய பிறகு குழாயில் கொட்டி, வெளியே மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வர வேண்டும். கணகணவென்ற சத்தம் மாறி மந்தமாகக் கேட்டால் மணல் இறுகிவிட்டது என்று அர்த்தம்.

'நன்றாக அடைக்கவும்' என்பதும் ஆபத்தான வாசகம். வெல்டிங் மெஷின் வைத்திருக்கும் ஒருவர் அதைப் படித்தால் இரண்டு முனையிலும் தகடு வைத்து வெல்டு அடித்துவிடுவார். எங்கள் பகுதிப் பட்டறை ஒன்றில் அப்படி அடைத்த குழாய் வெடித்து, காய்ச்சிக்கொண்டிருந்த பையனின் முன்கை வெந்துபோனது. மரக்கட்டைதான் வைக்க வேண்டும். அதிலும் ஒரு கட்டையில் ஆணி நுழையும் அளவுக்குத் துளை போட்டு, அந்த முனையை ஆள் இல்லாத பக்கம் திருப்பி வைக்க வேண்டும்.

இரண்டாவது, ஜி.ஐ. பைப், அதாவது துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். வீட்டில் மிச்சம் கிடப்பது பெரும்பாலும் அதுதான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அதன் மேல் உள்ள துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸில் உருகி, 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். இரும்பை வளைக்க நாம் ஏற்றும் சூடும் கிட்டத்தட்ட அதே அளவு. அப்போது கிளம்பும் வெள்ளைப் புகையை இழுத்தவருக்கு வேலை முடிந்து சில மணி நேரம் கழித்து, ராத்திரியில் குளிரும் காய்ச்சலும் வரும், வாயில் உலோக ருசி தட்டும். மலேரியா என்று நினைத்து ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. பால் குடித்தால் சரியாகும், வாழைப்பழம் சாப்பிட்டால் சரியாகும் என்று பட்டறைகளில் இன்றும் சொல்கிறார்கள். பால் போவது வயிற்றுக்கு, புகை போனது நுரையீரலுக்கு. பூச்சைத் தேய்த்து எடுத்துவிடலாமே என்றால், குழாயின் உள்பக்கமும் அதே பூச்சு இருக்கிறது. பேசாமல் பூச்சில்லாத சாதா இரும்புக் குழாயை (எம்.எஸ். பைப்) வாங்கிக்கொள்வதே நல்லது. குரோம் பூசிய குழாயைக் காய்ச்சவே கூடாது.

வளைக்கும் வேலையைப் பற்றியும் கொஞ்சம். நிழலில் வைத்துக் காய்ச்சுங்கள். வெயிலில் சிவப்பின் அளவு கண்ணுக்குத் தெரியாது. குழாயின் நீளவாட்டில் ஓடும் வெல்டு தையல் வளைவின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ வராமல் பக்கவாட்டில் வர வேண்டும். 20 மில்லிமீட்டர் குழாயை 60 மில்லிமீட்டர் ஆரத்தில் செங்கோணமாக வளைக்க 94 மில்லிமீட்டர் நீளம் சிவந்தால் போதும், முன்னாலேயே சாக்பீஸால் குறித்துக்கொள்ளலாம். சிவப்பு மங்கினால் இழுப்பதை நிறுத்திவிட்டு மறுபடி காய்ச்ச வேண்டும். மங்கிய பிறகு பலவந்தமாக இழுத்தால் விரிசல் விடும். அப்புறம், சைக்கிள் ஃபோர்க், பைக் ஹேண்டில்பார் போன்றவற்றில் இந்த முறையை யாரும் முயல வேண்டாம். அவற்றின் பலமே சூட்டில் போய்விடும்.

மணலை வறுப்பது, ஜி.ஐ. பைப்பைத் தவிர்ப்பது ஆகிய இரண்டையும் அடுத்த இதழிலேயே, கட்டுரை வந்த அதே பக்கத்தில் கட்டம் கட்டி வெளியிடுங்கள். பழைய இதழை எடுத்து வைத்துக்கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமை வேலையில் இறங்க நினைப்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

இப்படிக்கு,
வெல்டிங் பட்டறை நடத்தும் வாசகர்,
துவாக்குடி, திருச்சி.