வலது காது கிடைத்தது: தேடித் தந்தவர்களுக்கு நன்றி

குப்பை வண்டி ஓட்டும் தம்பிக்கும், எடைமேடை அண்ணனுக்கும், பிரிக்கும் கொட்டகையில் அன்று காலை வேலையில் இருந்த அக்காமார் ஐந்து பேருக்கும், மேற்பார்வையாளர் ஐயாவுக்கும்,

அன்றைக்கு இருந்த பதற்றத்தில் உங்களில் யாருக்கும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. சொல்லாமல் விட்ட இன்னொன்றும் இருக்கிறது, அதற்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

அப்பா தூங்கும் முன் இரண்டு காதுக் கருவிகளையும் கழற்றி, தனித்தனி டிஷ்யூ தாளில் சுற்றித் தலைமாட்டில் வைத்திருக்கிறார். காலையில் அறையைப் பெருக்கிய நான், கசங்கிய தாள்தானே என்று குப்பைப் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டேன். அப்பா எழுந்து துழாவும்போது வண்டி போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

தம்பி, நான் போன் செய்ததும் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கொட்டியாச்சுங்க. ஆனா பெரிய வண்டியில இன்னும் ஏத்தல, சீக்கிரம் வாங்க." அதன் பொருள் அங்கே வந்த பிறகுதான் புரிந்தது. வீடு வீடாக வரும் சின்ன வண்டிகள் குப்பையை முதலில் ஒரு மாற்று நிலையத்தில் கொட்டுகின்றன. அங்கே பிரித்து எடுத்ததுபோக மிஞ்சியது பெரிய வண்டிக்குப் போகிறது. அதற்குள் இருக்கும் அழுத்தும் தகடு எல்லாவற்றையும் நசுக்கிவிடும். அதில் ஏறியிருந்தால் கதை முடிந்திருக்கும்.

எடைமேடை அண்ணன், நீங்கள் சீட்டைப் புரட்டிப் பார்க்காவிட்டால் நான் எந்தக் குவியலில் தேடியிருப்பேனோ. குப்பையோடு ஒரு எடை, கொட்டிய பின் காலி வண்டிக்கு ஒரு எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எங்கள் தெருவின் ஒரு நாள் கணக்கு. அந்தச் சீட்டில் இருந்த நேரத்தை வைத்தே இடத்தைச் சொல்லிவிட்டீர்கள்.

மேற்பார்வையாளர் ஐயா, நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "சார்ஜ் போடுற வகையா?" எனக்குக் கோபம்தான் வந்தது, இப்போது அதுவா முக்கியம் என்று. லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும், ஓடும் வண்டியிலேயே பற்றிக்கொள்ளும் என்று நீங்கள் விளக்கிய பிறகு வாயை மூடிக்கொண்டேன். உடனே அள்ளி ஏற்றும் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னீர்கள். அந்தப் பத்து நிமிடம்தான் எங்களைக் காப்பாற்றியது.

இனி அக்காமாருக்கு. "பையில என்னென்ன போட்டீங்க?" என்று கேட்டீர்கள். யோசித்தேன், ஒன்றும் நினைவில்லை. நேற்று என் கையால் போட்டதை இன்று சொல்லத் தெரியவில்லை. கடைசியில் அப்பாவின் காலி மாத்திரை அட்டைகளை வைத்து நீங்களே எங்கள் பையைக் கண்டுபிடித்தீர்கள். திறந்தபோது தலைகுனிவாக இருந்தது. ஈரமும் காய்ந்ததும் ஒன்றாகக் குழைந்து கிடந்தன. "நனைஞ்ச அட்டையை யாரும் எடுக்க மாட்டாங்க" என்று ஒரு அக்கா அதை ஒதுக்கிப் போட்டார். என்னைக் குத்திச் சொன்னதாகத் தெரியவில்லை, தகவலாகத்தான் சொன்னார்.

அப்போதுதான் இன்னொரு அக்காவின் கையுறையைக் கிழித்துக்கொண்டு விரலில் கண்ணாடி இறங்கியது. கழுவி, துணியைச் சுற்றிக்கொண்டு, "தினம் இருக்கிறதுதான்" என்று மறுபடி தேடத் தொடங்கினார். அக்கா, அந்த நீலக் கண்ணாடி எங்கள் வீட்டு டம்ளர். இரண்டு நாள் முன்பு என் கையிலிருந்துதான் விழுந்து உடைந்தது. அங்கேயே அடையாளம் தெரிந்தும் சொல்ல வாய் வரவில்லை. மன்னித்துவிடுங்கள்.

வலது கருவி தாளோடு அப்படியே கிடைத்தது. இடது கிடைக்கவில்லை. எங்கள் குவியலில் பாதி அதற்குள் குப்பையை நகர்த்திக்கொண்டு போகும் பெல்ட்டில் ஏறிவிட்டிருந்தது. அது எங்கே போயிருக்கும் என்று காட்ட ஐயா என்னைக் கூடவே நடத்திக்கொண்டு போனார். ஓட்டைகள் போட்ட பெரிய உருளை சுழல, பொடியும் ஈரமும் கீழே உதிர்ந்து உரக் குவியலுக்குப் போகின்றன. குவியலின் உள்சூடு 55 டிகிரிக்கு மேல் பல நாட்கள் நிற்க வேண்டும், அப்போதுதான் நோய்க்கிருமிகள் சாகும். அதனால்தான் கிளறிக்கொண்டே இருக்கிறார்கள். பெரிய சாமான்கள் பெல்ட்டில் தொடர்கின்றன. இரும்பைக் காந்தம் தூக்கிக்கொள்கிறது. அலுமினிய டப்பா காந்தத்தில் ஒட்டாது, ஆனால் வேகமாகச் சுழலும் காந்த உருளை அதற்குள் மின்னோட்டத்தைத் தூண்டிவிட, டப்பா தானே எகிறி அடுத்த தொட்டியில் விழுகிறது. வந்த காரியத்தை மறந்து அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். தாதுவிலிருந்து எடுப்பதோடு ஒப்பிட்டால், பழைய டப்பாவை உருக்குவதில் சுமார் 95 சதவீத ஆற்றல் மிச்சமாம். மற்றதெல்லாம் கைதான். "மூடி மிதக்கும், பாட்டில் முங்கும். ரெண்டும் வேற பிளாஸ்டிக்" என்றார் ஒரு அக்கா, கையை நிறுத்தாமலே.

எதிலும் சேராத மிச்சம் குப்பையைப் புதைக்கும் நிலத்துக்கு. அடியில் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு, கசியும் சாற்றை இழுக்கக் குழாய், அன்றன்றைக்கு மேலே ஒரு மண் போர்வை. உள்ளே காற்றில்லாமல் அழுகும்போது கிளம்பும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன். நூறு வருடக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதனால் அதையும் குழாயில் எடுத்து எரிக்கிறார்கள், அல்லது மின்சாரம் ஆக்குகிறார்கள். எல்லா இடத்திலும் இந்த ஏற்பாடு கிடையாது. உலக வங்கியின் கணக்குப்படி 2016-ல் உலகம் போட்ட நகரக் குப்பை சுமார் 201 கோடி டன், அதில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்குப் பாதுகாப்பான போக்கிடம் இல்லை.

இடது காது உரக் குவியலிலோ நிலத்திலோ இருக்கிறது. இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். பாரிஸ் நகர நிர்வாகியாக இருந்த யூஜீன் பூபெல் என்பவர் 1883-லேயே வீடுகளுக்கு மூன்று தனித்தனித் தொட்டி என்று ஆணை போட்டிருக்கிறார். எரிச்சலடைந்த மக்கள் தொட்டிக்கு அவர் பெயரையே வைத்தார்களாம், பிரெஞ்சில் இன்றும் குப்பைத்தொட்டி என்றால் பூபெல்தான். சரி, அவருக்கு 140 வருடம் கழித்து எங்கள் வீட்டிலும் மூன்று வந்துவிட்டது. உடைந்த கண்ணாடியைத் தடித்த அட்டைப் பெட்டியில் வைத்து, ஒட்டி, மேலே பெரிதாக எழுதித் தருகிறேன். தம்பி அதைப் பார்த்துச் சிரித்தது தெரியும்.

இடது பக்கத்துக்கு வேறு கருவி வரும்வரை அப்பா ஒற்றைக் காதோடு இருக்கிறார். காலையில் வண்டி திருப்பத்தில் வரும்போதே தலையை அந்தப் பக்கம் சாய்த்து, "வந்துட்டாங்க பாரு, பையை எடு" என்கிறார். எனக்கு அதற்குப் பிறகுதான் கேட்கிறது.